முறிந்த மட்கார்டு போல்ட்

கேள்வி: என்னுடைய 100 சிசி மோட்டார் சைக்கிள் வாங்கிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. பின் மட்கார்டை ஃபிரேமோடு பிணைக்கும் போல்ட்டுகளில் இடப்பக்கத்தில் உள்ளது, கழற்ற முயன்றபோது தலை முறிந்து, தண்டு உள்ளேயே நின்றுவிட்டது. கடலோர ஊர் என்பதால் துரு அதிகம். மட்கார்டை ஃபிரேமோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிடலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? அதுவரை வண்டியை ஓட்டலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: ஓட்ட வேண்டாம். ஒரு பக்கம் பிடிப்பிழந்த மட்கார்டு, பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் மறுபக்கத்து போல்ட்டை முறுக்கிக்கொண்டே இருக்கும். அதுவும் விட்டுப்போய் மட்கார்டு டயரின் மேல் விழுந்தால், சக்கரம் ஓடும் வேகத்திலேயே சிக்கி நின்றுவிடக்கூடும்.

மட்கார்டை ஃபிரேமோடு பற்றவைக்கும் யோசனையையும் ஏற்காதீர்கள். மட்கார்டுத் தகடு மெல்லியது. வெல்டிங் சூட்டில் அதன் முலாமும் பெயிண்டும் எரிந்துபோன இடத்தில், உங்கள் ஊர் உப்புக் காற்றுக்குத் துரு வேகமாகப் பிடிக்கும். அதிர்வைத் தாங்க வழியில்லாமல் வெல்டிங் ஓரத்திலேயே தகடு கிழியவும் செய்யும்.

முறிந்த தண்டு சிறிதளவாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வேலை எளிது. கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் மீண்டும் ஸ்ப்ரே அடித்து, தண்டின் நுனியில் சுத்தியலால் மெல்லத் தட்டியபின், லாக்கிங் பிளையரால் இறுகப் பற்றி, முதலில் இறுக்கும் பக்கமாக இம்மியளவும் பிறகு கழற்றும் பக்கமாகவும் மாற்றி மாற்றி அசையுங்கள். அது அசையாவிட்டால், தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளைக்குள் வெல்டிங் வைத்து, நட்டோடு சேர்த்துக் கழற்றும் வழி உண்டு. அந்தச் சூடே துருவின் பிடியைத் தளர்த்திவிடும். அதற்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுவதும், பெட்ரோல் டேங்கையும் பின்விளக்கு வயரையும் அப்புறப்படுத்துவதும் கட்டாயம்.

தண்டு ஃபிரேமின் மட்டத்திலேயே முறிந்திருந்தால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். இங்கே பலரும் ஈஸி அவுட்டைத் தேடுவார்கள்; முறிந்த தண்டில் சிறு துளையிட்டு, அதற்குள் செருகிக் கழற்றும் பக்கமாகத் திருகி எடுக்கும் கருவி அது. துருவால் தலையே முறியும் அளவுக்கு இறுகிய 6 மில்லிமீட்டர் போல்ட்டில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெல்லிய ஈஸி அவுட் உள்ளேயே ஒடிந்தால், அந்தக் கடின எஃகைச் சாதாரண ட்ரில் பிட் தொடவே தொடாது. அதைவிட, முறிவு முகத்தை அரத்தால் சமமாக்கி, நடுமையத்தில் சென்டர் பஞ்ச் (பிட் வழுக்காமலிருக்கச் சிறு குழி பதிக்கும் கூர்முனை உளி) அடித்து, முதலில் 3 மில்லிமீட்டர், பிறகு 5 மில்லிமீட்டர் பிட்டால், எண்ணெய் விட்டு, குறைந்த வேகத்தில் துளையிடுவதே நல்லது. துளை நேராக அமைந்தால் பழைய போல்ட்டின் மரைச் சுருள் மட்டும் எஞ்சும். மரை வெட்டும் கருவியான 6 மில்லிமீட்டர் டேப்பை ஓட்டினால் அதுவும் உதிர்ந்து மரை சுத்தமாகிவிடும். பஞ்ச் ஓரம் தப்பினால் ஃபிரேமின் மரை போய்விடும் என்பதால், வேறெதிலும் காட்டாத பொறுமையை இந்த ஓர் அடியில் காட்டுங்கள். மரை கெட்டுவிட்டாலும், பின்புறம் கை நுழையும் இடமாக இருந்தால், ஊடுதுளையிட்டு நைலான் வளையம் கொண்ட நட்டைப் போட்டுக்கொள்ளலாம்.

புதிய போல்ட் பழையதன் நீளத்திலேயே இருக்கட்டும். நீளம் கூடினால், ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது அதன் முனை டயரைக் கீறிவிடும். மரையில் கிரீஸ் தடவி, ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர், அதாவது சிறிய ஸ்பேனரை ஒரு கையால் இறுக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

முறிந்த தலையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் முறிவு முகத்தில் ஒரு பகுதி பழுப்பேறியும் மற்றது பளபளப்பாகவும் இருந்தால், விரிசல் முன்பே விழுந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் துருவோடு அதிர்வும் காரணம். மட்கார்டுத் துளையில் ரப்பர் புஷ்ஷும் அதனுள் உலோகக் குழலும் இருக்க வேண்டிய வண்டியானால், அவை நசுங்கியோ தொலைந்தோ போயிருக்கின்றனவா என்று பாருங்கள். வலப்பக்கத்து போல்ட்டையும் ஸ்ப்ரேயில் ஊறவைத்துக் கழற்றி, கையோடு மாற்றிவிடுங்கள்.