ஏழு வயதுப் பையனுக்கு லத்தீன் எதற்கு, சகோதரி?

ஏழு வயது மகன், ஐந்து வயது மகள், தவழும் கைக்குழந்தை. மூவரையும் கர்த்தருக்குள் வளர்த்து வீட்டிலேயே படிக்கவைக்க வேலையை விட்டிருக்கிறீர்கள். மகன் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான், உறவினர் பேச்சு தாங்கமுடியவில்லை, உங்கள் அண்ணன் சொல்லும், சிறுவயதிலேயே லத்தீன் மொழி கற்பிக்கும் 'கிளாசிக்கல்' இணையவழிப் பாடத்திட்டத்தில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஏழு வயதில் எழுத்துக்கூட்டி வாசிப்பது பயப்படவேண்டிய விஷயம் அல்ல. எழுத்துகளையே மாற்றி மாற்றிக் குழப்பினால் மட்டும் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள்.

அந்தப் பாடத்திட்டம் வேண்டாம். தாய்மொழியில் ஒரு பக்கம் சரளமாக வாசிக்காத பிள்ளைக்கு லத்தீன் வேற்றுமை உருபுகள் வெறும் சத்தம்தான். பாட்டாகப் பாடி ஒப்பிப்பான், பார்ப்பவர்கள் மெச்சுவார்கள், அவ்வளவே. பத்து, பன்னிரண்டு வயதில் அவனுக்கே ஆசை வந்தால் தொடங்கலாம், ஒன்றும் குறைந்துபோகாது.

செலவை ஒளிக்காமல் எழுதிப் பாருங்கள். இப்படிப்பட்ட திட்டங்களில் பயிற்சிப் புத்தகங்கள் பெரும்பாலும் எழுதித் தீர்ப்பவை, தங்கைக்கு உதவாது. இரண்டு வருடத்தில் அதே தொகையை மறுபடி கட்டுவீர்கள். நீங்கள் விட்ட சம்பளத்தையும் அதோடு கூட்டினால் வருவதுதான் உண்மையான கட்டணம். அதற்காகக் கடன் வாங்கவேண்டிவந்தால், பேச்சே வேண்டாம்.

பள்ளியில் சேர்ப்பது, டியூஷன் வைப்பது பற்றியெல்லாம் மற்றவர்கள் போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லியிருப்பார்கள். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: கேட்ட கதையைத் திருப்பிச் சொல்லவைப்பது. பிரிட்டிஷ் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) தன் முறையின் முதுகெலும்பாக வைத்தது இதைத்தான். தேவையானது ஒரு வேதாகமமும் ஒரு நோட்டும்.

தாவீது கோலியாத்தை வீழ்த்தும் 1 சாமுவேல் 17-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 58 வசனங்கள், ஒரே நாளில் வாசித்தால் பாதியிலேயே பையன் எழுந்து ஓடுவான். நான்கு நாளாகப் பிரியுங்கள்: 1 முதல் 11 வரை, 12 முதல் 30 வரை, 31 முதல் 40 வரை, 41 முதல் 51 வரை. வாசிக்கும் முன் அன்றைய பெயர்களை மட்டும் சொல்லிவிடுங்கள்: கோலியாத், ஏலா பள்ளத்தாக்கு. பிறகு ஒரே ஒரு முறை, நிதானமாக, நடுவில் விளக்கம் சொல்லாமல் வாசியுங்கள். மூடிவைத்துவிட்டு, "இப்போ நீ சொல்லு".

ஒரு முறைதான் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். அம்மா மறுபடி வாசிப்பார் என்று தெரிந்தால் முதல் தடவை காது கொடுக்கமாட்டான். சொல்லும்போது திருத்தாதீர்கள், ஒரு தடவை குறுக்கிட்டால் அடுத்த நாள் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுவான். தவறு இருந்தால் அவன் முடித்த பிறகு அந்த வசனத்தைக் காட்டினால் போதும். தங்கைக்கு ஆறு வயதுவரை கட்டாயம் வேண்டாம். தானாக வந்தால் அவளை முதலில் பேசவிடுங்கள், அண்ணன் விட்டதைச் சேர்க்கட்டும். அவன் முதலில் சொன்னால் அவள் கிளிப்பிள்ளையாக அதையே சொல்வாள்.

"இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். விசுவாசக் குடும்பங்களில் இந்த முறை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கேள்வியால்தான். "கீழ்ப்படியணும்" என்று சொன்னால் அம்மா சிரிப்பார் என்று பிள்ளை கண்டுபிடித்துவிடும், அதன்பின் கதையைக் கேட்காது.

வாரத்தில் ஒரு நாள் அவன் சொல்வதை ஒரு எழுத்தும் மாற்றாமல், தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அவனாக எழுதுவது ஒன்பது, பத்து வயதில் வரட்டும். அதிகாரிகளோ பின்னாளில் ஒரு பள்ளியோ கேட்டால் காட்டுவதற்கும் அந்த நோட்டு உதவும்.

பூட்டைக் கழற்றுகிறான், எதையும் அளக்கிறான், உட்கார மாட்டேன் என்கிறான் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு ஜாணும். ஒரு முழம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர், ஜாண் அதில் பாதி. நூலை அளந்து தரையில் நீட்டச் சொல்லுங்கள், மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். அடுத்து அதே ஆறு முழத்தையும் ஒரு ஜாணையும் தன் கையால் அளந்து, நீளம் ஏன் குறைகிறது என்று அவனே கேட்பான். அன்றைய கணக்குப் பாடம் அதுதான்.

ஊழியத்துக்கு நேர்ந்த பிள்ளை, வசனத்தை மனப்பாடம் செய்யாமல் பூட்டோடு விளையாடுகிறானே என்று மாமியார் வருந்துகிறாராம். யாத்திராகமம் 31-ஐ அவரோடு சேர்ந்து வாசியுங்கள். பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலைசெய்யப் பெசலெயேலை தேவ ஆவியால் நிரப்பியதாகக் கர்த்தர் சொல்கிறார். ஏழு வயதுப் பையனின் அழைப்பைப் பெரியவர்கள் கூடித் தீர்மானிக்கக் கூடாது. இதில் பாட்டிக்காக நீங்கள் இளகவேண்டாம்.

உங்கள் களைப்புக்குக் காரணம் காலை ஒன்பது முதல் மூன்று மணிவரை பள்ளி நடத்துவது. அது முப்பது பிள்ளைகளுக்கான நேரம். மகனுக்கு ஒரு பாடம் பதினைந்து நிமிடமாக, எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் போதும், மகளுக்கு அரை மணி. தொடங்கும் முன் கால் மணி நேரம் கைக்குழந்தையோடு மட்டும் இருங்கள். வயிறும் மனமும் நிறைந்த குழந்தை பிறகு கொஞ்ச நேரமாவது தனியே விளையாடும். எழுத்துக்கூட்டலும் கணக்கும் குழந்தை தூங்கும்போது, கதை வாசிப்பு பால் கொடுக்கும்போது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்று கதை மட்டும்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லி, பிள்ளைகளுக்கு வாரத்தில் ஆளுக்கொரு மாலை ஒதுக்கித் தனியே பேசினார், ஜானுக்கு வியாழக்கிழமை. உங்களுக்கு இருபது நிமிடம் போதும். அதில் பாடம் கிடையாது.

வீட்டுக்கல்விக்கு ஜெர்மனியில் அனுமதி இல்லை, சில நாடுகளில் பதிவு செய்தால் போதும். நீங்கள் இருக்கும் இடத்தின் விதியை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் முன்பணம் கட்டிவிட்டார் என்கிறீர்கள். பணத்தைத் திரும்பத் தரும் கடைசித் தேதியை ஒப்பந்தத்தில் பாருங்கள், அதற்குள் ரத்து செய்யச் சொல்லி அண்ணன் பெயரிலேயே மின்னஞ்சல் போகட்டும். தேதி தாண்டியிருந்தால் அந்தத் தொகை போனது போனதுதான். கட்டிய பணம் வீணாகிறதே என்று இரண்டாம் தவணையைக் கட்டாதீர்கள்.