ஒரே சுற்றில் இரண்டு பேட்டரி: கேள்வி பதில்

பல கேள்விகள் ஒரே இடத்தைச் சுற்றியே வந்திருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே சுற்றை வைத்துக்கொள்வோம். இரண்டு மின்னழுத்த மூலங்கள் (பேட்டரி போன்றவை): 12 வோல்ட் உள்ளது 2 ஓம் மின்தடை வழியாகவும், 6 வோல்ட் உள்ளது 3 ஓம் வழியாகவும் ஒரு சந்தியில் சேர்கின்றன. சந்தியிலிருந்து கிரவுண்டுக்கு 6 ஓம். இரண்டின் மைனஸும் கிரவுண்டில்தான்.

கேள்வி: சார், இதற்குச் சீக்கிரமான வழி எது?

சந்தி முறை. தெரியாதது ஒன்றுதான், சந்தியின் மின்னழுத்தம். அதை வி என்று வைத்தால், சந்திக்குள் வரும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்பதால்:

(12 − வி)/2 + (6 − வி)/3 = வி/6

வி = 8 வோல்ட். முதல் கிளையில் 2 ஆம்பியர், 6 ஓமில் 1.33 ஆம்பியர், இரண்டாம் கிளையில் −0.67 ஆம்பியர்.

கேள்வி: மைனஸ் வந்தால் கணக்கு தப்பா?

தப்பில்லை. சந்தி 8 வோல்ட்டில் நிற்கும்போது 6 வோல்ட் மூலத்தால் மின்னோட்டத்தை வெளியே தள்ள முடியாது. மின்னோட்டம் அதற்குள்ளேதான் போகும். பேட்டரியாக இருந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். மின்னோட்டத்தின் திசைக்கென்று தொடக்கத்தில் போட்ட அம்புக்குறியை நடுவில் திருப்பாதீர்கள். பரீட்சையில் பாதித் தவறுகள் அங்கேதான் நடக்கின்றன.

கேள்வி: அண்ணா, சூப்பர்பொசிஷனில் (ஒவ்வொரு மூலத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கூட்டும் முறை) ஒரு மூலத்தை 'அணைப்பது' எப்படி?

மின்னழுத்த மூலம் இருந்த இடத்தில் கம்பி போடுங்கள். மின்னோட்ட மூலம் என்றால் அந்த இடத்தைத் திறந்து விடுங்கள். அக மின்தடை அப்படியே இருக்க வேண்டும். சார்பு மூலங்களை, அதாவது சுற்றின் வேறொரு மின்னழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ பொறுத்து மதிப்பு மாறும் மூலங்களை, தொடவே கூடாது. 12 வோல்ட் தனியாக: 3-ம் 6-ம் பக்க இணைப்பில் 2 ஓம், சந்தி 6 வோல்ட். 6 வோல்ட் தனியாக: 2-ம் 6-ம் சேர்ந்து 1.5 ஓம், சந்தி 2 வோல்ட். கூட்டினால் அதே 8.

கேள்வி: திறனையும் இப்படிக் கூட்டலாமா?

கூடாது. 6 ஓமில் தனித்தனியாக 6 வாட்டும் 0.67 வாட்டும் வரும், கூட்டினால் 6.67. உண்மையில் 1.33 ஆம்பியர் ஓடுவதால் 10.67 வாட். திறன் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; இடைப்பட்ட 4 வாட், வர்க்கத்தை விரிக்கும்போது வரும் இரட்டைப் பெருக்கல் உறுப்பு. மின்னோட்டங்களைக் கூட்டிய பிறகே வர்க்கம் எடுங்கள்.

கேள்வி: லேபில் இரண்டு பவர் சப்ளை வைத்துச் செய்தோம். 8-க்குப் பதில் 9 வோல்ட் காட்டுகிறது. மீட்டர் சரிதான்.

மீட்டரும் சரி, உங்கள் கணக்கும் சரி. சாதாரண பெஞ்ச் சப்ளை மின்னோட்டத்தை வெளியே கொடுக்கும், உள்ளே வாங்காது. எனவே 3 ஓம் கிளை செத்துவிட்டது; மிச்சம் 12 × 6/8 = 9. 6 வோல்ட் சப்ளையின் முனையிலேயே மீட்டரை வையுங்கள், அங்கும் 9 ஏறி நிற்கும். தீர்வு: அந்த சப்ளையின் பிளஸ், மைனஸுக்குக் குறுக்கே 6 ஓம், 10 வாட் மின்தடை ஒன்று. அது 1 ஆம்பியர் இழுக்கும். திரும்பி வரும் 0.67 அதில் போய்விடும், மீதி 0.33-ஐ சப்ளை கொடுக்கும்.

மூலத்தை அணைக்கும் கட்டத்திலும் இதே வம்புதான். குமிழைச் சுழியத்துக்குத் திருப்பினால் போதாது. சப்ளையைக் கழற்றிவிட்டு, சுற்றின் பக்கத்து இரு முனைகளைக் கம்பியால் சேருங்கள். சப்ளையையோ பேட்டரியையோ ஷார்ட் செய்துவிடாதீர்கள்! 12 வோல்ட் தனியாக ஓடும்போது 2 ஓமில் 3 ஆம்பியர், அதாவது 18 வாட். கால் வாட் மின்தடை புகைந்துவிடும்.

கேள்வி: பழைய இன்வெர்ட்டர் பேட்டரியோடு புதியதைப் பக்க இணைப்பில் போடலாமா?

வேண்டாம். ஒன்று 12.7, மற்றது 12.1 வோல்ட், அக மின்தடை தலா 10 மில்லிஓம், கம்பிகள் 10 மில்லிஓம் என்று வையுங்கள். 0.6/0.03 = 20 ஆம்பியர், லோடே இல்லாமல். இரண்டும் சமமாக வர வர இது குறையும், ஆனால் பழையதன் கொள்ளளவு குறைவு என்பதால் பளு பங்கீடு சரியாக அமையாது.

கேள்வி: ஒரு மூலம் 50 ஹெர்ட்ஸ், இன்னொன்று டிசி. பேஸரில் (ஏசி அளவின் வீச்சையும் கட்டத்தையும் ஒரே கலப்பெண்ணாக எழுதும் முறை) கூட்டலாமா?

அதிர்வெண் வேறானால் கூடாது. தனித்தனியாகத் தீர்த்து, நேரச் சார்பாக எழுதிக் கூட்டுங்கள். சராசரித் திறனை மட்டும் இங்கே தாராளமாகக் கூட்டலாம், இரட்டைப் பெருக்கல் உறுப்பின் சராசரி சுழியம். சுற்றில் டயோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) இருந்தால் சூப்பர்பொசிஷனை மறந்துவிடுங்கள்; டயோடு கடத்துகிறது என்று எடுத்துக்கொண்டு சந்தி முறையில் போட்டு, அதன் மின்னோட்டம் மைனஸில் வந்தால் டயோடைத் திறந்து மறுபடி போடுங்கள்.