ஜன்னல் திட்டில் டைல்ஸ்: அடியில் என்ன இருக்கிறது?

ஆடி நெருங்குகிறது. போன வருடம் ஒழுகிய ஜன்னல்கள் இப்போதுதான் பலருக்கு ஞாபகம் வந்திருக்கின்றன போல. வந்த கேள்விகளில் சில:

புது வீடுங்க. பூச்சு முடிஞ்சு பத்து நாள் ஆச்சு. ஜன்னல் திட்டைக் கொத்தனார் வழவழன்னு தேய்ச்சுக் கொடுத்திருக்கார். அப்படியே டைல்ஸ் ஒட்டலாங்களா? (பொள்ளாச்சி)

அந்த வழவழப்புதான் சிக்கல். சிமெண்ட் பால் விட்டுத் தேய்த்த பரப்பில் எந்தக் கலவைக்கும் பிடிமானம் கிடைக்காது. உளியால் நெருக்கமாகக் கொத்திவிடச் சொல்லுங்கள். பிறகு கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தூசி போகக் கழுவுங்கள். தட்டும்போது எங்காவது பொக்கையாகச் சத்தம் வந்தால் அந்த இடத்துப் பூச்சைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பூசுவதே நல்லது.

பத்து நாளும் போதாது. ஏழு நாள் தண்ணீர் அடித்த பிறகு பூச்சு காய வேண்டும், காயும்போது கொஞ்சம் சுருங்கும். நான் 28 நாள் விடுவேன். கிரகப்பிரவேசத் தேதி நெருக்கும், தெரியும். ஜன்னல் திட்டு மட்டும் விருந்தாளிகள் வந்துபோன பிறகு முடியட்டுமே.

உங்கள் ஊர் என்பதால் இன்னொன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மழையை நேராக விழ விடாது. மேற்குப் பார்த்த ஜன்னலில் சாரல் படுக்கையாகவே அடிக்கும். சன்ஷேடு இருந்தாலும் திட்டு நனையும். அதனால் வாட்டத்தைப் பூச்சிலேயே எடுத்துவிட வேண்டும். வெளிப்பக்கத் திட்டில் 100 மி.மீ. அகலத்துக்கு 5 மி.மீ. சரிவு இருக்கட்டும். கலவை 1:4, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல். பூச்சை மட்டமாக விட்டுவிட்டு, டைல்ஸுக்கு அடியில் பேஸ்ட்டை ஒரு பக்கம் தடிமனாக அப்பி வாட்டம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பேஸ்ட் 3 முதல் 6 மி.மீ. கனத்தில் ஒட்டுவதற்கான பொருள், மேடு கட்டுவதற்கு அல்ல. ஓரத்து டைல்ஸ் சுவரைத் தாண்டி 20 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் வழிகிற தண்ணீர் சுவரில் கறை போடாது.

பூச்சுக்கு பி-சாண்ட் (கல்லை உடைத்துத் தயாரிக்கிற பூச்சு மணல்) வாங்குகிறீர்கள் என்றால் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். தண்ணீர் சேறாகி வெகுநேரம் தெளியாமல் நின்றால் அது கிரஷர் டஸ்ட் (கல் உடைக்கிற இடத்துத் தூசி) கலந்த சரக்கு, திருப்பி அனுப்புங்கள்.

உள்பக்கத் திட்டு குறுகலா இருக்கு. இன்டீரியர் வேலையில மிஞ்சின பிளைவுட்டை வச்சு ஆறு இன்ச் அகலப்படுத்தி, மேல டைல்ஸ் ஒட்டிடலாம்னு ஆசாரி சொல்றாருங்க. (திருப்பூர்)

ஆசாரியைக் குறை சொல்ல மாட்டேன், கையில் இருப்பதை வைத்து வழி சொல்கிறார். ஆனால் பிளைவுட் மழைக்காலத்தில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். மேலே இருக்கிற டைல்ஸ் அதனோடு சேர்ந்து அசையாது, அதனால் முதலில் இணைப்புகள் வெடிக்கும், அப்புறம் டைல்ஸே கழன்று வரும். எம்.ஆர். என்று முத்திரை போட்ட பலகை காற்றிலுள்ள ஈரத்தைத் தாங்கும், நனைவதைத் தாங்காது. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை நனைவதைத் தாங்கும்தான். அதற்காக மரம் அசையாமல் இருந்துவிடாது.

சுவரில் இரும்பு எல்-ஆங்கிள் பதித்து, சுவருக்குள்ளும் கொஞ்சம் போகிற மாதிரி 18 மி.மீ. கிரானைட் பலகை போடுங்கள். டைல்ஸே தேவைப்படாது. டைல்ஸ்தான் வேண்டும் என்றால் ஆங்கிள் சட்டத்தின் மேல் கனமான சிமெண்ட் ஃபைபர் போர்டை ஸ்க்ரூ அடித்து இறுக்கி, அதன் மேல் ஒட்டலாம். எதைப் போட்டாலும் அதில் ஏறி உட்கார்ந்து போன் பேச ஒருவர் வருவார், அந்தக் கனத்துக்கும் சேர்த்து ஆங்கிள் வையுங்கள்.

அடுக்குமாடி வீடு. உள்சுவர் முழுக்க ஜிப்சம் பூச்சு. அதன் மேல் டைல்ஸ் நிற்குமா? (கோவை)

நிற்காது. ஈரம் பட்டால் ஜிப்சத்திலுள்ள சல்பேட்டும் சிமெண்ட்டும் வினைபுரிந்து நடுவில் ஒரு படலம் உப்பும். டைல்ஸ் முழுசாக அப்படியே பெயர்ந்து வரும். திட்டில் மட்டும் ஜிப்சத்தைக் கல் தெரிகிற வரை சுரண்டிவிட்டு சிமெண்ட் பூச்சு போடுங்கள். அரை நாள் வேலைதான்.

தாத்தா கட்டின ஓட்டு வீடுங்க, சுண்ணாம்புச் சுவர். ஜன்னல் திட்டைத் தொட்டாலே பொடியாக் கொட்டுது. (கோபிசெட்டிபாளையம்)

உதிர்கிற சுண்ணாம்பின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பேஸ்ட்டும் வீண். டைல்ஸோடு சுண்ணாம்பும் ஒட்டிக்கொண்டு வரும். கெட்டியான இடம் வருகிற வரை எடுத்துவிட்டு, கோழிவலையோ வெல்டு மெஷ்ஷோ வைத்து 50 மி.மீ. கான்கிரீட் போட்டு, அது ஆறிய பிறகு ஒட்டுங்கள். என்னைக் கேட்டால் அந்த வீட்டுக்கு டைல்ஸ் வேண்டாம். ஒரே துண்டாகக் கடப்பா கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் பதியுங்கள். பழைய சுவர் மூச்சுவிடும், பார்க்கவும் வீட்டோடு சேர்ந்து இருக்கும்.

பழைய டைல்ஸ் மேலேயே புதுசு ஒட்டலாமா? (உடுமலை)

தட்டிப் பாருங்கள். எல்லாம் கெட்டியாக இருந்து, பளபளப்பைக் கிரைண்டரில் எடுத்துவிட்டால் அதற்கென்று விற்கிற பேஸ்ட்டில் ஒட்டலாம். ஆனால் திட்டு உயர்ந்து ஜன்னல் கதவு தட்டுகிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். அதை அளக்காமல் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒட்டிவிட்டு, கதவின் அடியை இழைக்க ஆசாரியைக் கூப்பிட்டவன் நான்.

யுபிவிசி ஜன்னல். டைல்ஸ் ஃபிரேமை ஒட்டியே வரலாங்களா? (ஈரோடு)

ஃபிரேமின் வெளிப்பக்கம் கீழே சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். ஜன்னல் கதவு ஓடுகிற தண்டவாளத்தில் தேங்குகிற தண்ணீர் வெளியேறுவதற்காக வைத்தவை. டைல்ஸின் மேல்பரப்பு அவற்றுக்குக் கீழேயே நிற்கிற மாதிரி பூச்சின் உயரத்தை முன்கூட்டியே குறைத்துவிடுங்கள். ஃபிரேமுக்கும் டைல்ஸுக்கும் நடுவே 4 மி.மீ. இடைவெளி விட்டு சிலிக்கான் அடியுங்கள், ஓட்டைகள் மேல் படாமல்.