கதவு ரெக்சின் உரிந்தால்

கேள்வி: அப்பாவின் நினைவாக 1992-ஆம் ஆண்டு அம்பாசிடர் காரை வைத்திருக்கிறேன். கதவுகளின் உட்புற ரெக்சின் கீழ்ப்பகுதியில் உரிந்து, கைப்பிடியருகே கிழிந்தும் உள்ளது. முழுவதும் மாற்றாமல் சரிசெய்ய இயலுமா?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: இயலும், ஆனால் பசையைக் கையில் எடுப்பதற்கு முன், ரெக்சின் ஏன் உரிந்தது என்று பார்த்துவிடுங்கள். கண்ணாடி இடுக்கு வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் அடியிலுள்ள துளைகளின் வழியாக வெளியேற வேண்டும். அத்துளைகள் துருவாலும் மண்ணாலும் அடைபட்டாலோ, ரெக்சின் ஒட்டியுள்ள ஹார்ட்போர்டு பலகைக்குப் பின்னாலுள்ள பிளாஸ்டிக் தாள் கிழிந்திருந்தாலோ, அப்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பி, ரெக்சினைத் தள்ளிவிடும். இரண்டு பருவமழையும் கடற்காற்றும் உள்ள உங்கள் ஊரில் இதுவே முதற்காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன்.

கைப்பிடிகளைக் கழற்றி, கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பிப் பலகையை எடுங்கள். உப்பிய பலகை காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அதையே அளவாக வைத்துப் புதியது வெட்டிக்கொள்வது நல்லது. பலகை உறுதியாக இருந்தால், நிழலில் உலர்த்தி, பழைய பசையைச் சுரண்டி, இரு பரப்பிலும் ரப்பர் பசையை மெல்லியதாகப் பூசி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை, ஏறத்தாழ 10 முதல் 15 நிமிடம், பொறுத்திருந்து அழுத்துங்கள்.

கிழிசலுக்குப் பின்புறம் மெல்லிய துணி ஒட்டி, மேலே வளையும் தன்மையுள்ள வினைல் பசையை நிரப்ப வேண்டும். நொடியில் ஒட்டும் பசை கல்லாக இறுகி, ஓரத்திலேயே மீண்டும் வெடிக்கும். வெயிலில் நெகிழ்வை இழந்து, தொட்டால் நொறுங்கும் ரெக்சினை மாற்றத்தான் வேண்டும். பூட்டும்போது துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளைப் போடுங்கள்; கைப்பிடிகள் மட்டும் உங்கள் தந்தையார் தொட்ட பழையவையாகவே இருக்கட்டும்.