"4 கோடி மானியம் வாங்கித் தருகிறேன்" என்பவரிடம் 3 லட்சம் கொடுக்கலாமா?

நாமக்கல் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "5 ஏக்கர் நிலமும் 40 மாடும் இருக்கின்றன, சுற்றிலும் கோழிப்பண்ணை. சிபிஜி (சாணம், கழிவிலிருந்து வரும் வாயுவைச் சுத்திகரித்து, அழுத்தி அடைத்த எரிவாயு) ஆலை போட்டால் மத்திய அரசு 4 கோடி மானியம் தருகிறதாம். லைசென்ஸும் மானியமும் வாங்கித் தர, ஃபைல் நகர்த்தும் செலவு 3 லட்சம் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள்.

அவர் சொல்வதில் பாதி உண்மை, அதுதான் வில்லங்கம். மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தில் 4 கோடி என்ற தொகை இருக்கிறது. ஆனால் அது தினமும் 4800 கிலோ வாயு தயாரிக்கும் திறனுக்கான கணக்கு, திறன் குறைந்தால் தொகையும் அதே விகிதத்தில் குறையும். 4800 கிலோவுக்கு 12,000 கன மீட்டர் சாண எரிவாயு வேண்டும். ஒரு கிலோ சாணிக்கு ஏறக்குறைய 40 லிட்டர் வாயு கிடைக்கும் என்று வைத்தால் தினம் 300 டன் சாணி, அதாவது மாட்டுக்குப் பத்துப் பத்துக் கிலோ போட்டாலும் 30,000 மாடு! உங்கள் 40 மாட்டுச் சாணியில் 16 கன மீட்டர் வரும், சுத்திகரித்து சிலிண்டரில் அடைத்தால் ஆறேழு கிலோ தேறும்.

கோழி எரு இருக்கிறதே என்பீர்கள். வாயு அதிகம் தரும், சரி. ஆனால் அதிலுள்ள நைட்ரஜன் அமோனியாவாகி நுண்ணுயிர்களை முடக்கிவிடும், தீவனத்தில் போட்ட கிளிஞ்சல் தூள் தொட்டியின் அடியில் கல் மாதிரி படியும். அப்புறம், இன்று "அள்ளிக்கிட்டுப் போங்க" என்கிற பண்ணைக்காரர் நீங்கள் தொட்டி கட்டி முடித்ததும் டன்னுக்கு ரேட் பேசுவார். பல வருட ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்காமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.

அந்த "லைசென்ஸ்" என்பது 2018-இல் தொடங்கிய 'சதத்' (SATAT) என்ற மத்திய அரசின் சிபிஜி கொள்முதல் திட்டத்தில் எண்ணெய் நிறுவனங்கள் தரும் எல்.ஓ.ஐ. (விருப்பக் கடிதம்) ஆகத்தான் இருக்கும். நீ தயாரித்தால் நான் வாங்கிக்கொள்கிறேன் என்ற கடிதம், அவ்வளவுதான். அது மானியமும் அல்ல, ஆலை நடத்த அனுமதியும் அல்ல. 2023-24க்குள் 5000 ஆலை என்று அறிவித்தார்கள், அந்தக் கெடுவுக்குள் பத்தில் ஒரு பங்குகூட ஓடவில்லை. கடிதத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அதையே கைமாற்றிவிடப் பார்ப்பவர்களும் உண்டு.

ஒரு விதிவிலக்கு. ஏற்கெனவே பயோகேஸ் ஆலை வைத்திருப்பவர், உதாரணமாக ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரில் வாயு எடுத்து அடுப்பெரிக்கிறவர், அந்த வாயுவைச் சுத்திகரித்து அடைக்கும் வசதியை மட்டும் சேர்த்தால் அதே 4800 கிலோ கணக்குக்கு 3 கோடி மானியம். தொட்டி, குழாய், கழிவு எல்லாம் கையில் இருப்பதால் புது ஆலைக்காரரைவிட இவருக்குத்தான் இந்தத் திட்டம் கட்டுபடியாகும். அப்படி யாராவது உங்கள் ஊரில் இருந்தால், தனியாகப் போடுவதைவிட அவரோடு கூட்டுச் சேர முடியுமா என்று பாருங்கள். உங்களிடம் பழைய ஆலை இல்லாதவரை அந்த 3 கோடி உங்களுக்கில்லை, ஏஜென்ட் "இருக்கிற மாதிரி காட்டிக்கலாம்" என்றால் வாசலைக் காட்டுங்கள்.

மானியப் பணத்தை நம்பி வேலையைத் தொடங்கவும் முடியாது. ஆலை ஓடி, உற்பத்தியை அளந்து காட்டினால்தான் முழுத் தொகை. மூலதன மானியம் ஒரு அமைச்சகம், வாயு கொள்முதல் இன்னொரு அமைச்சகம், மிச்சமாகும் உரத்துக்கு டன்னுக்கு 1500 ரூபாய் உதவி உரத்துறை. இது போக மாசுக்கட்டுப்பாட்டு வாரியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. ஒரு துறைக்குக் கொடுத்த தாளையே அடுத்த துறையும் கேட்கும்; இந்த அலைச்சலை வைத்துத்தான் இடைத்தரகர் பிழைக்கிறார். உயிரி ஆற்றல் திட்டத்தின் முதல் கட்டமும் 2025-26 வரைதான், அடுத்த வழிகாட்டுதலைப் படிக்காமல் கடன் வாங்காதீர்கள்.

அவசரமும் இல்லை. நகர எரிவாயு நிறுவனங்கள் 2025-26-இல் 1 சதவீதம் தொடங்கி 2028-29-இல் 5 சதவீதம் வரை சிபிஜி கலக்க வேண்டும் என்பது அரசின் முடிவு, வாங்க ஆள் இருப்பார்கள்.

இப்போதைக்கு 40 மாட்டுக்கு ஏற்ற 15 கன மீட்டர் சாண எரிவாயு கலன் போடுங்கள். அதற்குத் தனி மானியம் உண்டு, கோடியில் அல்ல, ஆயிரங்களில். பெரிய ஆலை என்று இறங்கினால் மத்திய அரசின் கோபர்தன் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். அந்த மனிதர் மறுபடி வந்தால், அவர் போட்டுக் கொடுத்து இன்று ஓடுகிற ஆலை ஒன்றின் போன மாத கேஸ் விற்பனை பில்லைக் காட்டச் சொல்லுங்கள். திறப்பு விழா ஃபோட்டோவை நீட்டினால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.