அரை ஏக்கரை விற்றுத்தான் பெண்ணைப் படிக்க வைக்க வேண்டுமா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பெண்கள் பள்ளியில் படித்தாள். பொறியியல் கட்ஆஃப் 200-க்கு 168 வருகிறது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியவர்கள் யாரும் இல்லை. வெளியூர் தனியார் பொறியியல் கல்லூரியிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்தார். வருடக் கட்டணம் 1,40,000 ரூபாய், அதில் 40,000 ஸ்காலர்ஷிப்பாகக் கழித்துக்கொள்வார்களாம். விடுதிக்கு 70,000 தனி. 25,000 முன்பணமும் ஒரிஜினல் சான்றிதழ்களும் கொடுத்தால் சீட் உறுதி என்கிறார். அரை ஏக்கரை விற்கலாமா, தெரிந்தவரிடம் மூணு வட்டிக்கு வாங்கலாமா?

பதில்: ஐயா, இரண்டும் வேண்டாம். அந்த 25,000-ஐயும் கொடுக்காதீர்கள். சான்றிதழ்களை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

அவர் சொன்ன கணக்கை நாலு வருடத்துக்குப் போட்டால் 6,80,000 ரூபாய் ஆகிறது. ஸ்காலர்ஷிப் முதல் வருடத்துக்கு மட்டுமா, நாலு வருடத்துக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுத்தில் வராது. விலையைக் கூட்டிச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் குறைப்பதை உதவித்தொகை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

உண்மையான உதவி உங்கள் பெண்ணுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கால்நடை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5% இடங்களை 2021-இல் வந்த சட்டம் ஒதுக்குகிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தமிழக அரசே கட்டுகிறது. இதற்குத் தனி தரவரிசைப் பட்டியல் உண்டு. பொதுப் பட்டியலில் 168 என்பது நடுத்தரமாகத் தெரியலாம், இந்தப் பட்டியலில் அதே மதிப்பெண்ணுக்குக் கூடுதல் பலம். (ஆர்டிஇ என்கிற கல்வி உரிமைச் சட்டத்தின் மூலம் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். தெரியாமலேயே விட்டுவிடுகிறார்கள்.)

ஆனால் அரசு நடத்தும் கவுன்சிலிங், அதாவது கலந்தாய்வு வழியாகப் போனால்தான் இதெல்லாம். கல்லூரி நிர்வாகமே நேரடியாகக் கொடுக்கும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டால் 7.5% கிடையாது, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும் கிடையாது. கல்லூரி எது என்பதைப் போலவே, எந்த வாசல் வழியாக உள்ளே போகிறாள் என்பதும் முக்கியம். வீட்டுக்கு வந்தவர் காட்டியது பணம் கட்டும் வாசலை.

அதனால் முதல் வேலையாகப் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போடுங்கள். அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் வாங்குங்கள். முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் இந்த வாரமே பதியுங்கள். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மேசை மேசையாகப் போய் வர நாளாகும். 7.5%-இல் கிடைக்காமல் போனாலும் பொதுக் கலந்தாய்வில் முதல் பட்டதாரிச் சலுகை கைகொடுக்கும்.

கல்லூரி விருப்பப் பட்டியலில் அரசுக் கல்லூரிகளை விடாதீர்கள். செங்கிப்பட்டியில் தஞ்சாவூர் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. பட்டுக்கோட்டையிலும் திருக்குவளையிலும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். நாலு வருடத்துக்கு 48,000. பஸ், புத்தகம், போன் ரீசார்ஜ் எல்லாம் அதிலேயே ஓடும். நீங்கள் கையிலிருந்து போட வேண்டியது லேப்டாப், துணிமணி, அவசரச் செலவு அளவுக்குத்தான்.

ஒருவேளை கட்டணம் கட்டித்தான் சேர வேண்டும் என்ற நிலை வந்தால், அப்போதும் கல்விக்கடன்தான் முதலில். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது, உங்கள் பங்காக முன்பணம் போடவும் தேவையில்லை. நீங்கள் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அதுவரைக்குமான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. அதற்குக் கல்லூரிக்கு நாக் (NAAC) தர அங்கீகாரமோ அந்தப் படிப்புக்கு என்பிஏ (NBA) தர அங்கீகாரமோ இருக்க வேண்டும், சேரும் முன் பார்த்துவிடுங்கள். விண்ணப்பத்தை வித்யாலட்சுமி தளத்தில் போடுங்கள். வங்கியில் வாய்மொழியாக இல்லை என்று சொன்னால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். ஒரு லட்சத்துக்கு வருடத்தில் 36,000 வட்டி மட்டுமே போய்விடும். நாலு வருடத்தில் வட்டி 1,44,000, அசல் அப்படியே நிற்கும். எந்தப் படிப்புக்கும் இது தகாது.

நிலத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் மேட்டூர் திறந்து குறுவைக்கு நாற்று விட்டு, உரம் வாங்கி, ஆள் கூலி கொடுத்துக் கை காலியாக இருக்கும் நேரத்தில்தான் கல்லூரிக் கட்டணமும் வந்து நிற்கிறது. உங்களிடம் வசதி இல்லை என்பதல்ல, பணம் வரும் மாதமும் போகும் மாதமும் ஒத்துப்போகவில்லை. அந்த இரண்டு மாத நெருக்கடிக்காக விற்ற நிலத்தைத் திரும்ப வாங்க முடியாமல் தவிக்கிற அப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தை, மாசியில் சம்பா நெல்லுக்குக் கொள்முதல் நிலையப் பணம் வந்ததும், அடுத்த வருடப் படிப்புச் செலவுக்கு வேண்டியதை ஆறு மாத வைப்புத்தொகையாகப் போட்டுவிடுங்கள். ஆடியில் கட்டணம் கேட்கும்போது அது கைக்கு வரும். கூட்டுறவுச் சங்கத்தில் நகை வைத்துக் கடன் வாங்கும் வாய்ப்பை விவசாயத்துக்கே விட்டுவையுங்கள்.

அந்த ஆள் திரும்ப வந்து இன்றே கடைசி நாள் என்று அவசரப்படுத்துவார். கவுன்சிலிங் முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். முதல் சுற்றுகளில் அமையாவிட்டால் கடைசியில் துணைக் கலந்தாய்வும் உண்டு. மன்னார்குடி அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் பணம் வரும்.

அவளுக்கு என்ன படிக்க ஆசை என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை ஐயா. இன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டுவிடுங்கள். விருப்பப் பட்டியலை அதற்கு அப்புறம் அவளையே நிரப்பச் சொல்லுங்கள்.