மூக்கு இறங்கின லோடு வண்டி: கேள்வி பதில்

மதுரை விரகனூர் பக்கம் முப்பது வருசமா ஸ்பிரிங் வேலை பார்க்கிறேன். லோடு வண்டி முன்பக்கம் இறங்கிப்போச்சு, கம்மிச் செலவுல தூக்க வழி சொல்லுங்கன்னு கேட்டவங்களுக்கு என் பதில்.

கே: அண்ணே, மேலூர்ல டாடா 407 லாரி ஓட்டுறேன். டிரைவர் பக்கம் முன்னாடி ஒன்றரை அங்குலம் இறங்கிக் கிடக்கு. ஆக்சிலுக்கும் (சக்கரங்களைத் தாங்குற இரும்புத் தண்டு) பட்டைக்கும் (வளைஞ்ச ஸ்பிரிங் தகடு) நடுவுல கட்டை வச்சுத் தூக்கித் தர்றேங்கிறாங்க. செய்யலாமா?

வேண்டாம் தம்பி. பின்னாடி கட்டை வைப்பாங்க, முன்னாடி கூடவே கூடாது. பிரேக்கை மிதிச்சதும் ஆக்சில் முறுக்கும். கட்டை எம்புட்டு உயரமோ அம்புட்டுக்கு அந்த முறுக்கு பட்டையில கூடுதலா ஏறும். பட்டையை ஆக்சிலோட இறுக்குற யூ போல்ட் தளர்ந்து ஆக்சில் நகர்ந்துச்சுன்னா ஸ்டீயரிங் உங்க கையில இல்ல.

ஒரு பக்கம் மட்டும் இறங்கினா, பட்டை உடைஞ்சிருக்கான்னுதான் முதல்ல பார்க்கணும். ரெண்டு டயர்லயும் காத்து சமமா அடிச்சு, காலி வண்டியைச் சமதரையில நிறுத்தி, சக்கர நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்து எழுதிக்குங்க. அப்புறம் கம்பி பிரஷ் போட்டுச் சேறைத் தேய்ச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. பட்டைகளை நடுவுல கோர்க்கிற சென்டர் போல்ட் ஓட்டைக்கிட்ட விரிசல் விடுறது அடிக்கடி நடக்கும். சேறு மூடிக்கிட்டா மாசக்கணக்குல தெரியாது. ஒரு பட்டைதான் உடைஞ்சிருக்குன்னா அதை மட்டும் மாத்துங்க, செலவு அதோட நிக்கும்.

எல்லாப் பட்டையும் வளைவு செத்திருந்தா ரெண்டு பக்கமும் சேர்த்துத்தான் வேலை. கேஸ் வச்சு ஒரு இடத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சி வளைக்கிற ஆள்கிட்டப் போகாதீங்க. அந்த இடத்துல பதம் போயி, அங்கயே உடையும். முழுப் பட்டையையும் உலையில காய்ச்சி, வளைச்சு, எண்ணெய்ல முக்கி, மறுபடி மிதமாச் சூடேத்திப் பதம் வைக்கிற பட்டறைக்குக் கொண்டு போங்க. யூ போல்ட் புதுசாத்தான் போடணும், பழசு இழுபட்டிருக்கும். 500 கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப வந்து முறுக்கணும். இதுக்குக் காசே வாங்க மாட்டேன், ஆனாலும் பத்துல ரெண்டு பேர்தான் வர்றாங்க. அதுதான் எனக்கு மனசு கேட்காத விசயம்.

கே: உசிலம்பட்டியில குட்டி யானை (டாடா ஏஸ்) வச்சிருக்கேன். முன்னாடி ஒரு பட்டை கூடச் சொருகலாமாண்ணே?

சொருகாதீங்க. அதுல முன்னாடி இருக்கிறது பாராபோலிக் பட்டை. நடுவுல தடிச்சு ஓரம் மெலிஞ்சிருக்கும், பட்டைகளுக்கு நடுவுல இடைவெளி விட்டுத்தான் வேலை செய்யும். சாதாப் பட்டையைச் சொருகினா உரசி உரசி நல்ல பட்டையும் கெடும். பட்டை நுனியைத் தாங்குற ஷேக்கிள் புஷ் தேஞ்சிருக்கான்னு முதல்ல பாருங்க.

கே: திருமங்கலத்துல பிக்கப் வச்சிருக்கேன். முன்னாடி பட்டைக்குப் பதிலா முறுகித் தாங்குற கம்பி, டார்ஷன் பார். அதோட போல்ட்டை முறுக்கினாலே தூக்கிடுமாமே?

தூக்கும், செலவும் இல்ல. சேஸியை (வண்டியோட அடிச்சட்டம்) ஜாக்கில ஏத்தி, ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்தைத் தொங்கவிட்டுட்டுச் சுத்துங்க. பாரத்தோட சுத்தினா புரி போயிடும். எத்தனை சுத்துன்னு எழுதி வச்சுக்குங்க. இறக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு மறுபடி அளங்க. பழைய உயரம் வந்ததும் நிறுத்திடணும். ஆசைப்பட்டு இன்னும் ஏத்தினா சக்கரம் கீழ இறங்க இடம் இருக்காது. பள்ளத்துல, சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற மேல் ஆர்ம் ஸ்டாப்பர்ல இடிக்கும், அதோட மூட்டான பால் ஜாயிண்ட் சீக்கிரம் தேயும். முறுக்கினதால பார் பலமாகிடாது, அதையும் ஞாபகம் வச்சுக்குங்க. கடைசியா சக்கரத்தை நேராக்குற அலைன்மெண்ட் கட்டாயம்.

கே: அண்ணா, வாடிப்பட்டியில எங்க பிக்கப்புக்கு முன்னாடி பெரிய இரும்பு கார்டு மாட்டினோம். அதுக்கப்புறம்தான் இறங்குச்சு.

கழட்டிடுங்கம்மா. பம்பருக்கு முன்னாடி தொங்குற பாரம் முழுக்க முன் ஸ்பிரிங் தலையிலதான். 2017 டிசம்பர்லயே மத்திய அரசு இந்த மாதிரி கார்டு கூடாதுன்னு சொல்லிடுச்சு. கழட்டிட்டு ஒரு வாரம் ஓட்டி அளந்து பார்த்துட்டு, அப்புறம் வேலையை யோசிப்போம்.

கே: பரவை மார்க்கெட்டுக்கு வெங்காய மூட்டை ஏத்துறோம். கேபினை ஒட்டியே அடுக்குறது தப்பாண்ணே?

தப்புதான். எடை முன் ஆக்சிலுக்குப் போகுது. தொட்டி முழுக்கப் பரப்பி அடுக்குங்க. ஆர்.சி. புத்தகத்துல போட்டிருக்கிற எடையைத் தாண்டினா அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000. அந்தக் காசுக்கு யூ போல்ட்டும் புஷ்ஷும் எத்தனை செட்டு வாங்கலாம்!

கே: தூக்கின பிறகு ராத்திரி எதிர்ல வர்ற வண்டியெல்லாம் லைட் அடிச்சுத் திட்டுறாங்க.

முன்பக்கம் உயர்ந்ததால வெளிச்சம் அவங்க கண்ணுக்குப் போகுது. சுவத்துக்கு எதிர்ல நிறுத்தி ஹெட்லைட் திருகைக் கீழ இறக்குங்க. இன்னைக்கு ராத்திரி வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடியே செஞ்சிடுங்க தம்பி.